இப்ப எங்கை நிக்கிறாய்?

தொலைபேசியில் அக்கா முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "இப்ப எங்கை நிக்கிறாய்?" எங்கள் பக்கத்துப் பேச்சில் நிற்பதற்குக் காலை ஊன்றித்தான் நிற்கவேண்டும் என்பதில்லை. ஓர் இடத்தில் அந்த நேரத்துக்கு ஆள் உண்டென்றால் அவர் அங்கே நிக்கிறார். குடியும் குடித்தனமுமாய் உள்ளவர்தான் இருக்கிறார். கொழும்பில் மகள் வீட்டுக்கு ஒரு கிழமை போனவர் கொழும்பில் நிக்கிறார், ஆனால் மன்னாரில் இருக்கிறார். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் ஊர் ஊராகத் திரிந்த பதினொரு வருடத்தில் அக்கா என்னிடம் "எங்கை இருக்கிறாய்" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் அதைக் கவனித்ததும் இல்லை.

எனக்கு வீடு இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அந்த நாட்களில் அதுதான் என் பெருமை. ஒரு பை, ஏழு கிலோ, முப்பத்து நான்கு சாமான். சட்டை மூன்று, காற்சட்டை இரண்டு, மடிக்கணினி ஒன்று, கரண்டி ஒன்று என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போகவேண்டும் என்பது சட்டம். காத்மண்டுவில் ஆசைப்பட்டு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். எதைக் கழிப்பது என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் அந்தச் சால்வையையே வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டுக் குளிரோடு பஸ் ஏறினேன். அப்படி ஒரு விசர். வேலையும் அதற்குத் தோதாக வாய்த்தது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, சோறு சமைக்கும் மின்பானை ஆகியவற்றோடு வரும் பாவனைக் கையேடுகளைத் தமிழாக்குவேன். அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை.

என்னைப் போலத் திரிகிற வெள்ளைக்காரர்களை எல்லா ஊரிலும் சந்திப்பேன். சப்பாத்தின் பாரம் எவ்வளவு, கமராவின் பாரம் எவ்வளவு என்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள். என் பையில் பாரமானது கடதாசிக் கோப்பு. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு உலகம் சுற்றுவதென்றால் வங்கிக் கடிதம், வேலைக் கடிதம், தங்குமிடத்தின் கடிதம், திரும்பிப் போவேன் என்று காட்ட ஒரு டிக்கெட், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வேண்டும். அவர்கள் மேலதிகமாக ஒரு காலுறை கொண்டு போகலாமா என்று யோசிப்பார்கள். நான் அந்தக் கோப்புக்கு இடம் விடுவதற்காகக் குளித்துத் துடைக்கும் துவாயைப் பாதியாக வெட்டினேன். விசாப் படிவம் ஒவ்வொன்றிலும் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் வரும். மன்னாரில் கீரி என்ற ஊரில் உள்ள அக்கா வீட்டு முகவரியை அதில் எழுதுவேன். பிறந்த திகதியை எழுதுவது போல அதையும் யோசிக்காமல் எழுதிக்கொண்டு போவேன்.

அன்று நான் ஜோர்ஜியாவில், ஒரு மலை நகரத்தில் நின்றேன். மூன்று மாதத்துக்கு அறை பேசி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. யன்னலைத் திறந்தால் பனி உருகிய தண்ணீர் கூரையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்கும். எனக்கு அந்த அறை நன்றாகப் பிடித்திருந்தது. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஊரின் பெயரைச் சொன்னேன். அது எந்தத் திசை, அங்கே என்ன சாப்பாடு என்று கேட்பவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"செக்கிங் வருதாம்," என்றாள். "வந்து நில்லு."

மன்னாரில் என்ன செக்கிங், யார் வருகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நாற்பது வயதுக்காரி, பதினெட்டு நாட்டுக் குடிவரவு மேசைகளில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள், அந்த ஒரு சொல்லுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன்.

செக்கிங் என்பது முகாம் சொல். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனோம். அங்கே ஒரு முகாமில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. ஆளுக்கொரு பை, அதைத் தொங்கவிட ஆளுக்கொரு ஆணி. அப்பா முதலில் காலமானார், பிறகு அம்மா. என்னைவிட எட்டு வயது மூத்த அக்காவும் நானும் மிஞ்சினோம். அவ்வப்போது, சொல்லாமல் கொள்ளாமல், அதிகாரி பதிவேட்டோடு வருவார். பதிவில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து முகம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் அரிசி போகும். அதைவிட, நாங்கள் யார் என்பதற்கு அந்த நாட்டில் இருந்த ஒரே அத்தாட்சியும் போகும்.

எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது ஒரு நாள் பக்கத்து ஊருக்குத் தட்டச்சுப் பரீட்சைக்குப் போனேன். பரீட்சை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. நான் உடனே திரும்பவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பலகைகளைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றிலும் ஏறவில்லை. படிப்பதே போதுமாக இருந்தது. மூன்று மணி ஆகிவிட்டது.

அன்றைக்கென்று செக்கிங். என் பேரைக் கூப்பிட்டபோது அக்கா எங்கள் பேச்சிலேயே "நிக்கிறா, சேர்" என்றாளாம். ஆள் இங்கேதான், எங்கேயும் போகவில்லை என்று அதற்குப் பொருள். அந்த அதிகாரிக்கு அது விளங்கவில்லை. "எங்க நிக்கிறா? காட்டு," என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்திருக்கிறார். அக்கா தடுமாறி, "குளிக்கிறா" என்றாள். அவர் நல்ல மனுசன்தான், கத்தவில்லை. தான் உட்கார்ந்திருந்த கதிரையைக் குளியலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தாராம். முகாமே பார்த்துக்கொண்டு நின்றது. ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு வெளியே வந்தார்கள். கடைசி ஆளும் வந்த பிறகு கதவு திறந்தபடி கிடந்தது. அவர் பேனையை எடுத்து என் பேரை வெட்டினார்.

எட்டு மாதம் அக்கா தன் பங்கைப் பிரித்து எனக்குத் தந்தாள். மனு எழுதி, அதிகாரிகளின் கந்தோர் கந்தோராக நடந்து, என் பேரைத் திரும்ப ஏற்றினாள். அந்த எட்டு மாதத்தில் அவள் மெலிந்ததை நான் கண்டேன். கண்டும் காணாதது போல இருந்தேன், ஏனென்றால் பசித்தது. எங்கே போயிருந்தாய் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக் கதையை நானும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஜோர்ஜியாவிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து, கொழும்பிலிருந்து காலை பஸ்சில் புறப்பட்டுப் பின்னேரம் மன்னாரில் இறங்கினேன். ஓட்டோ கீரிக்குத் திரும்பும் இடத்தில் நாலைந்து கழுதைகள் நடு ரோட்டில் நின்று, எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் விலகின. அக்கா வாசலிலேயே நின்றாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. தோளிலிருந்து பையை வாங்கித் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்பாள்.

அக்காவும் அத்தானும் முகாமிலிருந்து திரும்பி வந்து அரச வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. அத்தான் மேசன் என்பதால் தன் கையாலேயே கட்டினார். மகள் கல்யாணம் முடித்து அடம்பனில் இருக்கிறாள். இரண்டு பேருக்குத்தான் வீடு, ஆனால் உள்ளே இருபது பேருக்கான சாமான். பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாய் கூரை முட்ட நிற்கும். கண்ணாடி பதித்த அலுமாரி இரண்டு. பால்மா முடிந்த ஒரு தகரப் பேணியையும் எறியமாட்டாள். நான் வரும்போதெல்லாம், இதில் பாதியைக் கழித்தால் வீடு எப்படிக் காற்றோட்டமாக இருக்கும் என்று வகுப்பு எடுப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இன்னொரு பேணியைக் கழுவிக் கவிழ்ப்பாள். பின்னறையில் எனக்கென்று சுவரில் ஓர் ஆணி இருந்தது. வீடு கட்டும்போதே அக்கா சொல்லி அடிக்கவைத்தது. பையைத் திறக்காமல் அதில் தொங்கவிட்டேன். தேவையானதை எடுப்பேன், திரும்ப மடித்து உள்ளே வைப்பேன். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அடுத்த நாள் மத்தியானம், கணவாய்க் கறியும் சோறும் சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊர்ப் பதிவுக்குப் பொறுப்பான கிராம சேவகராகப் புதிதாக வந்த பெண், வாக்காளர் பேர்கள் உள்ள இடாப்பைத் திருத்துவதற்காக வீடு வீடாக வருகிறாவாம். அவ்வளவுதான். படிவம் நிரப்பிக் கொடுத்தால் காணும். யாரும் வந்து நிற்கத் தேவையில்லை என்று அவவே கோயிலடியில் சொன்னாவாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மூன்று மாதத்து அறை போயிற்று, பாதியில் கிடந்த கையேடு போயிற்று, இரண்டு விமானம், ஒரு நாள் பஸ். எல்லாம் ஒரு படிவத்துக்காக. இது இந்தியா இல்லை, இது முகாமும் இல்லை, இங்கே எங்களை ஒருவரும் வரிசையில் நிறுத்தமாட்டார்கள் என்று அக்காவிடம் கத்தினேன். நீ இன்னும் அங்கேயேதான் இருக்கிறாய் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கடை ஒழுங்கையிலை ரெண்டு வீட்டிலை பேரை வெட்டிப்போட்டா," என்றாள். "ஒருத்தர் கனடா, மற்றவர் கட்டார். ஆள் இல்லையெண்டால் பேர் எதுக்கு எண்டு கேட்டவவாம். உன்ரை பேரை நான் ஒவ்வொரு வருசமும் எழுதிக்கொண்டு வாறன். இந்த முறை என்னாலை பொய் சொல்ல ஏலாது."

பிறகு, "பையை மடிச்சு மடிச்சு வைக்கிறது நீ. நானோ அங்கை இருக்கிறன்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு கணவாயைத் தின்றார்.

அன்று பின்னேரம் கீரிக் கடற்கரையில் நெடுநேரம் நடந்தேன். வலை காயப் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஏரி போலக் கிடந்தது. அந்தப் பேரை வெட்டினால் எனக்கு என்ன போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன். நான் வாக்களித்ததே இல்லை. ஆனால் என் கோப்பில் உள்ள ஒவ்வொரு கடதாசியும் அந்த முகவரியில்தான் தொடங்குகிறது. பதினெட்டு நாட்டிலும், இவள் திரும்பிப் போவாள், போவதற்கு இவளுக்கு ஓர் இடம் உண்டு என்று நம்பித்தான் கதவைத் திறந்தார்கள். வருடம் ஒருமுறை ஒரு பெண் பேனையைப் பிடித்து என் பேரை எழுதிவைத்ததால்தான் நான் காற்றுப் போலத் திரிந்திருக்கிறேன். ஏழு கிலோ என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, மீதிப் பாரம் இந்த வீட்டில் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

கிராம சேவகர் வியாழக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அக்கா புதன்கிழமையே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டாள். பின்னறை வாசலில் நின்று என் பக்கத்தை நோட்டம் விட்டாள். கட்டில் சுத்தமாக விரித்தபடி கிடந்தது. மேசையில் ஒன்றுமில்லை. ஆணியில் ஒரு பை.

"ஒரு ஆள் இருக்கிற அறை மாதிரியே இல்லை," என்றாள். "வாறவ பாத்தால் என்ன நினைப்பா?"

அது உண்மை. ஓர் ஆள் வாழ்கிறாள் என்று காட்டுவதற்கு என்னிடம் சாமான் காணாது. பதினொரு வருடமாகப் பாடுபட்டு நான் அடைந்த நிலை அதுதான். அக்கா தன் பழைய சட்டைகள் நாலைத் தோய்த்து, என்னுடையவற்றோடு கொடியில் போட்டாள். தன் செருப்பு ஒரு சோடியை என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசையில் ஒரு பவுடர்ப் பேணி, சீப்பு, தைலப் போத்தல், போன வருடத்துக் கலண்டர். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கலண்டரை மட்டும் ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டரைக்கு நான் கிணற்றடிக்குப் போனேன். மூன்று பக்கம் தகரம் அடித்த மறைப்பு, கொங்கிரீட் தளம், ஒரு வாளி. உலகத்தில் எத்தனையோ குளியலறையில் குளித்துவிட்டேன். அந்த உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீர் தலையில் விழும்போது உடம்பு தன் பாட்டில் ஆறும். தலைக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டேன். அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெண் குரல் ஒன்று அக்காவுக்கு வணக்கம் சொன்னது. இந்த ஒழுங்கையின் மற்ற வீடுகளில் வேலை கெதியாய் முடிந்துவிட்டதால் நேரத்தோடேயே வந்துவிட்டாவாம்.

கதிரை இழுபட்டது. கடதாசி புரண்டது. அத்தானின் பேர், அக்காவின் பேர், பிறகு என் பேர். "இவ எங்கை, அக்கா?"

"குளிக்கிறாள், மிஸ்," என்றாள் அக்கா.

வாளியை உயர்த்தியபடி நான் அப்படியே நின்றேன். வாயிலிருந்து வெளியே வந்த சொல்லை அக்காவும் அப்போதுதான் கேட்டிருப்பாள். கிராம சேவகர் பரவாயில்லை, கூப்பிட வேண்டாம், நான் எழுதுகிறேன் என்று சொல்லச் சொல்ல, அக்காவின் செருப்புச் சத்தம் மணலில் ஓடி வந்தது. ஐம்பதை எட்டப்போகிறவள், முழங்கால் வருத்தக்காரி. தகர மறைப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் இருக்கிறேனா என்றுதான் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பதினேழு வயதில் நான் பார்க்கத் தவறிய முகம் அது.

"வா," என்றாள். "அப்பிடியே வா."

மார்பில் கட்டிய குறுக்குக் கட்டோடு, தலையில் நுரையோடு, பாதித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அரச உத்தியோகத்தர் முன்னால் போய் நின்றேன். அவ முப்பது வயதுக்காரி. மடியில் ஹெல்மெட், அதன்மேல் படிவம். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐயோ, இதற்காகக் குளிப்பைக் குழப்பிவிட்டீர்களே என்றா. கண் மட்டும் கொடிக்குப் போனது, செருப்புக்குப் போனது, திரும்பி என்னிடம் வந்தது. கெட்டிக்காரி. கொடியில் தொங்கிய சட்டைகள் ஒரு சைஸில் இல்லை என்பதைக் கண்டிருப்பா.

"ஒண்டு மட்டும் கேக்கோணும்," என்றா. "நீங்கள் இஞ்சை நிக்கிறியளோ, இருக்கிறியளோ?"

நான் படிவத்தில் பொய் எழுதியதில்லை. எவ்வளவு நீட்டி மடக்கினாலும், எழுதுவதெல்லாம் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். என் கோப்பில் அடுத்த மாதத்துக்கு எடுத்த டிக்கெட் ஒன்று இருந்தது. நிக்கிறன் என்று சொன்னால் அது சத்தியம். பேனை என் பேருக்கு மேலே காத்திருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இரண்டு கையாலும் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி. எனக்காகப் பதில் சொல்ல வாயெடுக்கவுமில்லை. இந்த முறை என்னாலை ஏலாது என்று முதலே சொல்லியிருந்தாளே.

எனக்குப் பயமாக இருந்தது. பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் அது இல்லை. நான் சொல்லப்போவதை இனி உண்மையாக்கவேண்டும் என்ற பயம்.

"இருக்கிறன்," என்றேன். "வேலையாய் வெளியிலை போவன். ஆனால் இஞ்சைதான் இருக்கிறன்."

அவ இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தா. பிறகு என் பேருக்கு நேரே ஒரு சரி போட்டு, கையெழுத்துக்காகப் படிவத்தை அக்காவிடம் நீட்டினா. என் தலையிலிருந்து நுரையும் தண்ணீரும் வடிந்து, அத்தான் பூசிய சீமெந்து நிலத்தில் குளமாகத் தேங்கியது. அக்கா கையெழுத்துப் போடவில்லை. பேனையை வாங்கிய கையாலேயே சீலைத் தலைப்பை இழுத்து என் நெற்றியைத் துடைத்தாள், காதைத் துடைத்தாள், கண்ணுக்குள் போன சவர்க்காரத்தைத் துடைத்தாள். எனக்குக் கண் எரிந்தது, சவர்க்காரத்தாலும்தான்.

பிறகு கிராம சேவகர் பக்கம் திரும்பி, அந்தப் பிள்ளை சின்னக் குழந்தையாக இருந்த காலத்தில், வேறொரு நாட்டில் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்த மனிதருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"பாருங்கோ. குளிச்சுக்கொண்டுதான் நிண்டவள்."